வேஷமும் விரதமும்

கடலூர் ஜில்லாவில், மேற்கே திட்டக்குடியிலிருந்து கிழக்கே சிதம்பரம் வரையில், திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்கள் பல. திருவிழா வந்தால் பாரதக் கூத்தும் வரும். அர்ஜுனன் தபசு அன்று, அர்ஜுன வேஷம் கட்டியவர் உயரமான தபசு மரத்தின்மீது ஏறுவார். அதற்காக விரதம் இருந்திருப்பார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்தை, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியில் ஏந்திக்கொள்வார்கள். நேற்று வரை அவர் பக்கத்துத் தெருக்காரர்தான்! ஆனால் அன்றைக்கு அவர் அர்ஜுனன்.

தெய்வ வேஷம், பக்தர் வேஷம் என்றால் நம் ஜனங்களுக்கு அது வெறும் வேஷம் அல்ல. கூத்து மேடையின் இந்தக் கட்டுப்பாட்டைச் சினிமாக் கொட்டகை வரை கொண்டுபோன பெண்மணி ஒருவர் உண்டு. அவர்தான் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். வீட்டில் வறுமை. ரயிலில் பாடிக்கொண்டு போன சிறுமியின் குரலை, ரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எப். ஜி. நடேசய்யர் கேட்டார் என்பது பிரசித்தமான வரலாறு. நாடகக் கம்பெனி கிடைத்தது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையின் வேஷம். பசி அந்தப் பெண்ணுக்குப் புதிது அல்லவே! கொட்டகை உருகிற்று.

இலங்கை மேடையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். எட்டுக் கட்டைக் குரல் இரண்டு சேர்ந்தால் கேட்க வேண்டுமா? வள்ளித் திருமணம் என்று நோட்டீஸ் ஒட்டினால் ஊரே திரண்டது. மேடைத் தம்பதிகள் வாழ்க்கையிலும் தம்பதிகள் ஆனார்கள். ஆனால் அந்த இல்வாழ்வில் இன்பத்தைவிடப் பிரிவே அதிகம். 1933 டிசம்பர் 2ந் தேதி கிட்டப்பா மறைந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று முதல் வெள்ளைப் புடவை, நெற்றியில் திருநீறு. எந்த ஆணுக்கும் ஜோடியாக இனி நடிப்பதில்லை என்றும் விரதம் பூண்டார். நடிகையின் பிழைப்புக்கு அதுவே முற்றுப்புள்ளி என்றுதான் யாரும் நினைப்பார்கள். வள்ளியும் வேண்டாம், நாயகியும் வேண்டாம் என்றால் மிச்சம் என்ன வேஷம் இருக்கிறது?

நந்தன் இருந்தான்!

கொள்ளிடக்கரை ஆதனூரில் பிறந்து, தில்லைக்குப் போக வேண்டும், நாளைக்குப் போவேன் என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்த ஏழை. ஜாதியின் பெயரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பக்தன். அவனை வாட்டி வதைக்கும் வேதியர் பெரிய புராணத்தில் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்துச் சேர்த்த பாத்திரம் அது. அந்தக் கதையைச் சுந்தராம்பாள் ஆண் வேஷத்தில் மேடை ஏற்றினார். பிறகு படம் பிடிக்க ஹஸன்தாஸ் வந்தார். சினிமாவில் நடிக்க அம்மையாருக்கு விருப்பம் இல்லை. மறுத்துச் சொல்வதற்குப் பதிலாக ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். படாதிபதி கொடுத்துவிட்டார்! ஒரு லட்சம் என்பது அந்த நாளில் கேள்விப்படாத தொகை.

‘பக்த நந்தனார்’ 1935ல் வந்தது. வேதியராக சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் நடித்தார். படத்தைக் கல்கி ஆனந்த விகடனில் கடுமையாகவே தாக்கி எழுதினார். பெண்ணை ஆண் என்று நம்ப மேடையில் முடியும். காமிரா அவ்வளவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் காலத்தை நினைத்துப் பாருங்கள். மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்ததே 1939ல்தான். அதற்கு நான்கு வருஷம் முன்பே, உள்ளே விடுங்கள் என்று ஏங்கும் நந்தனாக ஒரு விதவை நின்று பாடினார்.

1940ல் ‘மணிமேகலை’. அதில் பௌத்தத் துறவி. 1953ல் ‘ஔவையார்’. எடுத்தவர் ஜெமினி எஸ். எஸ். வாசன். நந்தனாரைத் தாக்கிய அதே விகடனின் அதிபர்! சுந்தராம்பாளுக்கு அப்போது 45 வயதுகூட நிரம்பவில்லை. தள்ளாத கிழவியாகக் கோலூன்றி நடந்தார். தமிழ்நாட்டில் ஔவை என்றாலே அந்த முகம்தான் என்றாகிவிட்டது.

சோதனை வந்தது ‘பூம்புகார்’ படத்தில். 1964ல் வெளிவந்த அந்தப் படத்துக்கு வசனம் மு. கருணாநிதி. அவர் நாத்திகர், அம்மையாரோ முருக பக்தை. வேஷம் கவுந்தியடிகள், சமணத் துறவி. சமணருக்கு ஏது திருநீறு? அது இல்லாத நெற்றியோடு காமிரா முன் நிற்க மாட்டேன் என்றாராம் அம்மையார். கடைசியில் பட்டையாக இல்லாமல் நெடுக்காக ஒரு கீற்று என்று சமரசம் ஆயிற்றாம். பாட்டிலும் தகராறு வந்தது. தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கும் கருத்தில் ஓர் அடி இருந்தது. அதைப் பாட அவர் மறுத்தார். தெய்வம் வந்துவிட்டது என்ற பொருளில் அடியை மாற்றிக் கொடுத்தார்கள், பாடினார்.

நடிப்புத் தொழிலுக்கு வந்தவர் பாத்திரத்துக்குத்தானே கட்டுப்பட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுப்பாட்டால் அவர் இழந்த வேஷங்கள் எத்தனையோ இருக்கும். ஆனால் திருநீற்றை அழித்துவிட்டு நடித்திருந்தால், அந்தக் குரலுக்கு அந்த நடுக்கம் வந்திருக்குமா? வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

இடையில் 1951ல் சென்னை மேல் சபை அங்கத்தினரானார்; 1970ல் பத்மஸ்ரீ பெற்றார். ‘துணைவன்’ படத்தில் பாடியதற்குத் தேசிய விருது வந்தது.

ஏ. பி. நாகராஜன் 1973ல் ‘காரைக்கால் அம்மையார்’ எடுத்தார். இளமையான புனிதவதி வேஷம் லட்சுமிக்கு. கணவன் கைவிட்ட பிறகு, அழகும் இளமையும் இனி எதற்கு என்று இறைவனிடம் பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொண்ட அம்மையாரின் வேஷம் சுந்தராம்பாளுக்கு. அப்போது அவர் வெள்ளை உடுத்தி நாற்பது வருஷம் ஆகியிருந்தது. 1980ல் காலமாகும் வரையில் அந்தப் புடவையின் நிறம் மாறவில்லை.