ஓசையில் உருவம் கண்டவர்

நாஞ்சில் நாட்டு மக்களாகிய நாம் சுசீந்திரம் கோயிலின் இசைத் தூண்களை நன்கு அறிவோம். தட்டிப் பார்த்தால் தூணுக்குத் தூண் ஓசை வேறுபடும். வடிவம் மாறினால் ஓசையும் மாறுகிறது. அப்படியானால், கண்ணை மூடிக்கொண்டு ஓசையை மட்டும் கேட்டு வடிவத்தைச் சொல்ல இயலுமா? இவ்வினாவுக்கு விடை தேட வழிகோலியவருள் ஒருவர் நம் தமிழர். அவரே கணித மேதை சுப்பராமையா மீனாட்சிசுந்தரம்.

1913-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் திருச்சூரில் பிறந்த அவர், சென்னையில் கல்வி கற்றார். லயோலாக் கல்லூரியில் பயின்று 1934-இல் கணித ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்னர் பேராசிரியர் ஆனந்தராவின் வழிகாட்டுதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் பெற்றார். பட்டம் கிடைத்தது; வேலைதான் கிடைக்கவில்லை. அவ்வேளையில் கைகொடுத்தவர் அருட்தந்தை ரசீன். பாரிசில் பெரும் கணித அறிஞர் கார்த்தானிடம் பயின்று, 1937-இல் இந்தியா வந்த இயேசு சபைக் குரு அவர். மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிப் பிழைக்க வழிசெய்ததுடன், புதிய கணிதத் துறைகளின் பக்கமும் அவர் மனத்தைத் திருப்பினார்.

ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான மீனாட்சிசுந்தரம், 1946-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்திற்குச் சென்றார். சுவீடன் நாட்டு அறிஞர் பிளெயெலுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 1949-இல் கனடா நாட்டுக் கணித இதழில் வெளிவந்தது.

அதன் கருத்தை எளிமையாகக் காண்போம். ஒரு வளைந்த பரப்பின் ஓரிடத்தைச் சூடாக்கினால் வெப்பம் எங்கும் பரவும். அதைக் கணக்கிட உதவுவது லாப்லாஸ் என்பாரின் பெயர் தாங்கிய வகையீட்டுச் செயலி. அதற்கெனச் சில எண்கள் உண்டு. பரப்பு அதிரும்போது எழும் ஓசைகளைத் தருபவையும் அவ்வெண்களே. அவற்றுள் ஒன்றேனும் பூச்சியத்திற்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவேதான் வெப்பம் ஓரிடத்தில் குவிந்து பெருகாமல் பரவிச் சமனாகிறது. அது பரவத் தொடங்கும் முதற் கணங்களைக் கணக்கிட்டால், பரப்பின் அளவும் வளைவும் வெளிப்படும் என்பதே அவர்கள் காட்டிய வழி. இவ்வழியே சென்றால், பரப்பு பந்துபோல் ஓட்டையற்றதா, உளுந்த வடைபோல் ஓட்டையுள்ளதா என்பதையும் அறியலாம் என்று 1967-இல் மக்கீன், சிங்கர் என்னும் அறிஞர்கள் விளக்கினர். எனினும் ஓசை அனைத்தையும் சொல்லிவிடுவதில்லை. ஒரே ஓசைகளைத் தரும் இருவேறு வடிவ முரசுகள் உண்டென 1992-இல் நிறுவப்பட்டது.

1958-இல் எடின்பரோவில் நடைபெற்ற உலகக் கணித மாநாட்டில் உரையாற்ற அழைக்கப்பட்ட பெருமையும் அவருக்கு உண்டு. 1968 ஆகஸ்ட் 13 அன்று, 55 வயது நிறைவுறும் முன்னரே அவர் மறைந்தார். அவர் பெயரும் பிளெயெல் பெயரும் சேர்ந்த ஒரு சார்பு இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. நம்மவருள்தான் அவரை அறிந்தோர் சிலரே.

அன்புத் தோழியரே, வேலையின்றி வாடிய ஓர் இளைஞரின் திறமையை ஒரு குருவின் அன்பு காத்தது. நம் வகுப்பிலும் ஆதரவின்றிச் சோர்ந்திருக்கும் தோழி ஒருத்தி இருக்கக்கூடும். கணக்கு வராது என்று அவள் நோட்டை மூடும்போது, அருகில் சென்று அமர்வோமா?