முடி பறிபோனவர் சூட்டிய முடி

பெற்றோர் இட்ட பெயரையும் பறிக்குமா ஆதிக்கம்? பறித்தது, தோழர்களே! 1809இல் அன்றைய திருவிதாங்கூர் அரசில், கன்னியாகுமரிக்கு அருகே, பனைத்தொழிலை நம்பிய குலத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். பனையேறும் குலத்துக்கு முடியா? சீறினர் மேல்சாதியார். பெயர் முத்துக்குட்டியாயிற்று.

அந்த அரசு எத்தகையது? 1750இல் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்தார். அதன்பின் ஆண்டவர்கள் தம்மைப் பத்மநாபனின் அடியார் என்றனர். எனவே அரசை எதிர்ப்பது ஆண்டவனை எதிர்ப்பதாயிற்று! இங்கிலாந்தின் முதலாம் சார்லசும் தன் அதிகாரம் கடவுள் தந்தது என்றான். 1649இல் அவன் தலையை வாங்கினர். திருவிதாங்கூரிலோ ஏழையின் தலைக்கு வரி வாங்கினர்!

வரி மட்டுமா? கூலியில்லா ஊழியம். குடை பிடிக்கத் தடை, செருப்புக்குத் தடை, பெண்கள் மார்பை மறைக்கவும் தடை.

நோயுற்ற முத்துக்குட்டி 1833இல் திருச்செந்தூர்க் கடலில் மூழ்கி வைகுண்டராய் எழுந்தார் என்பது அவர் வழியினரின் நம்பிக்கை. சாமித்தோப்புக்குத் திரும்பியவர் வாளெடுக்கவில்லை, துணியெடுத்தார். ஆண்களைத் தலைப்பாகை கட்டியே வழிபடச் சொன்னார். எல்லாச் சாதியும் நீர் எடுக்கக் கிணறு வெட்டினார். ஒரே பந்தியில் உண்ணவைத்தார். அவர் வழியினரின் பதிகளில் சிலை இல்லை; கண்ணாடி உண்டு. பார்ப்பவன் காண்பது தன் முகத்தை!

அரண்மனை அஞ்சியது. சுவாதித் திருநாள் மன்னர் அவரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தார். சிறை மீண்டவரைத் தேடி மக்கள் முன்னிலும் பெருகினர். அந்நிய ஆட்சியை வெண்நீசன் என்றும் இகழ்ந்தவர் அவர்.

1851இல் மறைந்தார். மேலாடைக்காகக் கிறித்துவ நாடார் பெண்கள் 1820களிலேயே தொடங்கிய போராட்டம் அவருக்குப் பின்னும் ஓயவில்லை. 1859இல் உத்திரம் திருநாள் மன்னர் பணிந்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்றே அனுமதித்தார். 1956 நவம்பர் 1இல் குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. இன்று அங்கே மன்னரும் இல்லை, தலைவரியும் இல்லை.

அம்பத்தூர் ஆலையிலும் ஆவடிப் பட்டறையிலும் உழைக்கும் தோழர்களே! பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மூட்டை சுமப்பவர் தலையில் கட்டிய துண்டை, எவரைக் கண்டும் இன்று அவிழ்க்கத் தேவையில்லை. அது அரசர் அருளிய சலுகையா? அல்ல! தன் முடி பறிபோனபின், ஊருக்கெல்லாம் முடி சூட்டியவர்கள் ஈட்டிய உரிமை. காப்பது நம் கடமை!