பீகாருக்கு மண் சுமக்க வந்த வெள்ளைக்காரர்

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவருக்கு ஒரு மகன். பெரிய படிப்புப் படித்த என்ஜினீயர். நினைத்திருந்தால் மாளிகையில் வாழ்ந்திருக்கலாம். அவரோ மண்வெட்டியைக் கையில் எடுத்தார். நாடு நாடாகப் போய் மண் வெட்டினார். கடைசியில் நம் நாட்டுக்கும் வந்தார்.

அவர் பெயர் பியர் செரசோல்.

இன்று பல நாடுகளில் இருந்து வாலிபர்களும் இளம்பெண்களும் வெளிநாடுகளுக்குத் தொண்டு செய்யப் போகிறார்கள். அங்குள்ள சர்ச்சுகளோடும் சங்கங்களோடும் சேர்ந்து பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். ரோடு போடுகிறார்கள். கூலி வாங்குவதில்லை. இந்த வழியை முதலில் போட்டவர்களில் ஒருவர் செரசோல்.

சொத்து வேண்டாம்

1879-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி லோசான் நகரில் அவர் பிறந்தார். தந்தை பால் செரசோல் 1873-ல் ஜனாதிபதியாக இருந்தவர். பியருக்கு 9 வயது ஆனபோது தாய் இறந்து போனார்.

ஜூரிச் நகரில் என்ஜினீயர் படிப்பை முடித்தார். பிறகு கப்பல் ஏறினார். அமெரிக்காவில் கூலி வேலை செய்தார். ஹவாய் தீவில் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஜப்பானில் என்ஜினீயராக இருந்தார். உழைப்பவன் படும் பாடு அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தந்தை வழியில் வந்த சொத்தைத் தனக்கு வேண்டாம் என்று சர்க்காருக்கே கொடுத்துவிட்டார்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. செரசோல் ஊர் திரும்பினார்.

சுவிட்சர்லாந்து போரில் சேரவில்லை. ஆனாலும் அங்கே ஆண்கள் எல்லோரும் பட்டாளப் பயிற்சி பெற வேண்டும். சேராதவர்கள் அதற்குப் பதிலாக வரி கட்ட வேண்டும். செரசோலும் வரி கட்டுகிறவர்தான்.

ஜான் போத்ரா என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். ஏசுநாதரை நம்புகிறவன் துப்பாக்கி தூக்கமாட்டான் என்று அவர் பட்டாளத்துக்குப் போக மறுத்தார். சிறையில் அடைத்துவிட்டார்கள். இந்தச் செய்தி செரசோலின் மனதைக் குத்தியது. வாத்தியார் சிறையில் இருக்கிறார், நாம் வரி கட்டிவிட்டு வீட்டில் இருக்கிறோமே என்று நினைத்தார். 1917-ல் வரி கட்ட மறுத்தார். அவரையும் சிறைக்கு அனுப்பினார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 18-ந் தேதி ஜூரிச்சில் உள்ள பிரெஞ்சு மாதா கோவிலில் எழுந்து நின்று பேசினார். அன்பைப் போதிக்கும் மதமும் ஆளைக் கொல்லும் போரும் ஒன்றாக இருக்க முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். ஜனாதிபதி குடும்பத்துப் பிள்ளையா இப்படிப் பேசுவது என்று பலர் முகம் சுளித்தார்கள்.

பிணக்காட்டில் ஒரு கூடாரம்

போர் முடிந்தது. 1919-ல் ஹாலந்து நாட்டில் பில்ட்ஹோவன் என்ற ஊரில், போரை வெறுத்த கிறிஸ்தவர்கள் கூடினார்கள். நேற்றுவரை எதிரிகளாக இருந்த நாட்டவர்களும் வந்திருந்தார்கள். செரசோலும் போனார். பேச்சு நீண்டுகொண்டே போனது. செரசோலுக்குப் பொறுமை இல்லை. இடிந்த வீட்டுக்காரனுக்குப் பேச்சு எதற்கு? செங்கல்லும் மரமும் அல்லவா வேண்டும்?

பிரான்சில் வெர்டன் என்று ஓர் இடம். 1916-ல் அங்கே 10 மாதம் சண்டை நடந்தது. இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 3 லட்சம் பேர் செத்தார்கள். பக்கத்தில் உள்ள எஸ்ன் என்ற கிராமம் அடியோடு அழிந்து போயிருந்தது. வயல் முழுவதும் குண்டு விழுந்த பள்ளம்.

1920 நவம்பரில் செரசோல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஹூபர்ட் பாரிஸ் என்ற ஆங்கிலேயர் கூட வந்தார். இவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். செரசோலின் அண்ணன் எர்னஸ்டும் வந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், எர்னஸ்ட் சுவிஸ் ராணுவத்தில் கர்னல்! தம்பி பட்டாளத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். அண்ணனோ பட்டாள அதிகாரி. இருவரும் சேர்ந்து இடிபாடுகளை அள்ளினார்கள்.

ஜெர்மானியர்களும் வந்தார்கள். குண்டு போட்ட நாட்டுக்காரர்கள், குண்டு விழுந்த ஊரில் பள்ளத்தை மூடினார்கள். பாதையைச் சரி செய்தார்கள். குடியிருக்கக் குடிசை போட்டார்கள்.

ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஜெர்மானியன் முகத்தைப் பார்க்கப் பிடிக்குமா? ஊரில் எதிர்ப்பு எழுந்தது. ஜெர்மானியர் இங்கே இருக்கக் கூடாது என்றார்கள். அவர்களை விலக்கிவிட்டு வேலை செய்ய செரசோலுக்கு மனம் இல்லை. 1921-ல், சுமார் 5 மாத வேலைக்குப் பிறகு, எல்லோரும் மூட்டை கட்டினார்கள்.

முதல் முயற்சி பாதியில் நின்றது. அந்த ஊர் ஜனங்களைக் குறை சொல்லவும் முடியாது.

மண்வெட்டிப் பட்டாளம்

செரசோல் பள்ளியில் பாடம் நடத்தப் போனார். எண்ணத்தை மட்டும் விடவில்லை. பட்டாளத்து வாலிபனிடம் தைரியம் இருக்கிறது, கட்டுப்பாடு இருக்கிறது, தோழமை இருக்கிறது. இதை எல்லாம் கொல்லுவதற்குச் செலவிடாமல், வாழ வைக்கச் செலவிட்டால் என்ன? இதுதான் அவர் கேட்ட கேள்வி. துப்பாக்கி பிடிக்க மனம் இல்லாதவன் பொதுத்தொண்டு செய்யச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். சுமார் 40,000 பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை.

1924-ல் சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியில் பனிச்சரிவு ஒரு கிராமத்தின் மேல் விழுந்தது. செரசோலின் தொண்டர்கள் அங்கே போய் மரத்தையும் பாறையையும் அகற்றினார்கள். தலைமை தாங்கியவர் கர்னல் அண்ணன்தான்! வேலையில் கண்டிப்பு, ஒழுங்கு. கையில் மட்டும் ஆயுதம் இல்லை.

1927-ல் ரைன் நதி கரை உடைந்து, லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டை மூழ்கடித்தது. விளைநிலத்தின் மேல் மணலும் சரளைக் கல்லும் மூடிக்கொண்டன. 1928-ல் பல நாடுகளில் இருந்து 700-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் வந்து அள்ளினார்கள். பெண்கள் சமைத்தார்கள். துணி துவைத்தார்கள். கூலி என்று யாருக்கும் காசு இல்லை. சாப்பாடும் படுக்க இடமும்தான்.

1931-ல் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் பிரின்மார் என்ற சுரங்க ஊருக்குப் போனார்கள். அங்கே வேலை இல்லாத் திண்டாட்டம். சுரங்கத் தொழிலாளிகளோடு சேர்ந்து பூங்காவும் நீச்சல் குளமும் அமைத்தார்கள்.

காந்தியடிகளின் நட்பு

அதே 1931 டிசம்பரில் காந்தியடிகள் லண்டன் வட்டமேஜை மாநாடு முடிந்து சுவிட்சர்லாந்துக்கு வந்தார். லோசானில் அவர் பேசிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் செரசோல்.

1934 ஜனவரி 15. பீகாரில் பூகம்பம். பட்டப்பகலில் வீடுகள் சரிந்தன. பூமி வெடித்துத் தண்ணீரும் மணலும் பீறிட்டன. பீகாரிலும் நேபாளத்திலுமாக 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சிறையில் இருந்த ராஜேந்திர பிரசாத் 2 நாளில் விடுதலையாகி நிவாரண வேலையைத் தொடங்கினார்.

செய்தி கேட்டு செரசோல் அந்த ஆண்டே இந்தியா வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு தொண்டர்களோடு மறுபடி வந்தார். ஜோ வில்கின்சன், பால் ஷென்கர், பிரேசர் ஹாய்லண்ட் ஆகியோர் அவரோடு உழைத்தவர்கள். செரசோலுக்கு அப்போது 55 வயது.

முசாபர்பூர் ஜில்லாவில் வேலை. பூகம்பத்தால் பல கிராமங்களில் வெள்ளம் தேங்கியது. அந்த ஜனங்களை மேட்டு நிலத்தில் குடியேற்ற வேண்டும். மண் அடித்து மேடாக்கிப் புதிய ஊரை உண்டாக்கினார்கள். அதற்குச் சாந்திபூர் என்று பெயர் வைத்தார்கள்.

வெள்ளைக்காரர் என்றால் கலெக்டர், போலீஸ் அதிகாரி என்றுதான் அந்நாளில் கிராமத்தார் அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரர் கூடையில் மண் எடுப்பது புதுமை! நம் ஊரிலும் படித்தவன் மண்வெட்டி தொடமாட்டான் என்ற எண்ணம் இருந்த காலம் அது. ஆங்கிலேய சர்க்காருக்கும் காங்கிரசுக்கும் ஆகாத நேரம். செரசோல் இரண்டு பக்கத்தாரோடும் பேசி, இரண்டு பக்கத்து உதவியையும் வேலைக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். 1937 வரை வருவதும் போவதுமாக இந்த வேலை தொடர்ந்தது. இடையில், 1936-ல், அவர் குவேக்கர் சபையில் சேர்ந்தார்.

மீண்டும் போர்

1939-ல் இரண்டாம் உலகப் போர் வந்தது. 20 ஆண்டு மண் வெட்டியும் போரைத் தடுக்க முடியவில்லை. அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

விமானத் தாக்குதலுக்குப் பயந்து இரவில் விளக்கை மறைக்க வேண்டும் என்று சுவிஸ் சர்க்கார் உத்தரவு போட்டது. செரசோல் மறைக்க மறுத்தார். சிறை. 1941-ல், 62 வயதை நெருங்கும்போது அல்லது தாண்டும்போது யாரும் நினைக்காத ஒன்றைச் செய்தார். லீஸ் டேவிட் என்ற பெண்மணியைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அப்போதும் சும்மா இருக்கவில்லை. ஹிட்லர் ஆண்ட ஜெர்மனிக்குள் 1942-லும் 1944-லும் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிப் போனார். சமாதானம் பேசத்தான்! ஜெர்மானியச் சிறை, பிறகு சுவிஸ் சிறை. அங்கே உடம்பு கெட்டது.

1945 அக்டோபர் 23-ந் தேதி, போர் முடிந்த சில மாதங்களில், செரசோல் காலமானார்.

அவர் தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது. பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு, இந்தியாவிலும் உண்டு. துப்பாக்கிக்குப் பதிலாகப் பொதுத்தொண்டு என்று அவர் கேட்ட சட்டம் சுவிட்சர்லாந்தில் 1996-ல் அமலுக்கு வந்தது. அப்போது அவர் இறந்து சுமார் 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.