நிழலுக்கும் மின்சாரம் சேமித்தவர்: ஆதர் சி. கிளார்க்

ஆதர் சி. கிளார்க்கை விஞ்ஞானக் கதை எழுத்தாளராகத்தான் பலர் அறிவார்கள். 1917இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படையின் ராடர் அதிகாரி. பூமத்திய கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் வானொலித் தொடர்பு கிடைக்கும் என்று 1945 ஒக்ரோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் எழுதினார். அதே கட்டுரையில், அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கும் உண்டு. சூரிய ஒளியில் இயங்கும் அந்நிலையங்களை, பகலும் இரவும் சமமாகும் காலங்களில், பூமியின் நிழல் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக மறைக்கும். அந்த நேரத்துக்கான மின்சாரத்தை முன்பே சேமிக்க வேண்டும் என்றார். முதல் செய்மதி பறக்கவே இன்னும் 12 வருடங்கள் இருந்தன!

1956இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலையில் சுழியோடி, கடலடியில் கிடந்த கோணேசர் கோயில் இடிபாடுகளைக் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவில் நிலம் நடுங்கியபோது இங்கே காலை ஏழு மணிகூட ஆகவில்லை. திருகோணமலைக்குத் தெற்கே, ஈச்சிலம்பற்றுக் கரைக்கு அலை வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. வானத்தில் செய்மதிகளுக்குக் குறைவில்லை. இந்து சமுத்திரத்துக்கோ சுனாமி எச்சரிக்கை முறைமை இல்லை. கரையில் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. ஹிக்கடுவையில் கிளார்க்கின் சுழியோடல் நிலையத்தையும் அதே அலைதான் அழித்தது. பிறகு, தொலைபேசி செத்துக் கிடந்த அம்பாந்தோட்டையிலிருந்து வானொலி ஆர்வலர்கள் 12 வோல்ட் பற்றரியில் கொழும்புடன் பேசினார்கள்.

கிளார்க் 2008 மார்ச் 19இல் கொழும்பில் காலமானார்.