தேடக் கற்றுத் தந்தவர்

எங்கள் ஊர் எர்ணாவூர். ஒரு பக்கம் வங்கக் கடல்; மறு பக்கம் தொழிற்சாலைகள்; நடுவே துறைமுகத்தை நோக்கி இரவும் பகலும் வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகள். அவற்றுள் ஒன்றை ஓட்டுபவர் என் தந்தையார். நாட்காட்டியும் குடும்ப அட்டையும் தவிர அச்சிட்ட தாள் அதிகம் இல்லாத வீடு எங்களுடையது. அவ்வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்.

முதலாமாண்டில் எண்ணூரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருமாறு பேராசிரியர் பணித்தார். கைப்பேசியில் அகப்பட்டதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதே வரிகளை, அதே பிழைகளுடன், மேலும் மூவர் எழுதியிருந்தனர். இச்செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று அவர் கேட்டபோது விடை கூற இயலாமல் தலைகுனிந்து நின்றேன். பக்கத்து ஊரைப் பற்றிக்கூடத் தேடி அறியத் தெரியவில்லையே என்ற வெட்கம் பல நாள் என்னை வாட்டியது. அவ்வெட்கமே என்னை நூலகத்திற்குள் அனுப்பியது. அங்கே சுவரில் மாட்டியிருந்த ஒரு பெரியவரின் படம் என் கண்ணில் பட்டது. அவரே இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதன். அவரது வாழ்வை நான் படித்தறிந்தவாறு நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கணக்காசிரியர்

1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த அரங்கநாதன் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேச்சில் திக்குதலும் இருந்தது. ஆயினும் கல்வியில் தளரவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். நீண்ட விரிவுரையில் அவருக்கு நம்பிக்கை குறைவு. மாணவர் தாமே நூல்களைத் தேடிப் படித்து வந்தால்தான் பாடம் அவர்களுக்குச் சொந்தமாகும் என்பது அவர் கொள்கை.

சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரைத் தேடியபோது நண்பர்களின் வற்புறுத்தலால் அவரும் விண்ணப்பித்தார். நூலகத் தொழிலில் அவருக்குப் பயிற்சி ஏதும் இல்லை. நேர்முகத் தேர்வுக்கு முன், கலைக்களஞ்சியத்தைப் புரட்டி நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துச் சென்றார் என்பர். தெரியாததை எங்கே தேடுவது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது!

1924 ஜனவரியில் பதவி ஏற்றார். சில நாட்களிலேயே அந்த அறையின் தனிமை அவருக்குக் கசந்தது. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். இலண்டன் சென்று நூலகக் கல்வி பெற்று வந்த பின்பும் மனம் மாறாவிடில் திரும்பலாம் என்று சமாதானம் கூறி அனுப்பி வைத்தனர். சென்றவர் மாறித்தான் வந்தார்.

இலண்டனில் கண்டது

இங்கிலாந்தில் பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். உழைப்பவரும் குழந்தைகளும் தடையின்றிப் புகுந்து படிக்கும் காட்சி அவர் உள்ளத்தைத் தொட்டது. நம் நாட்டிலோ அன்று நூல்கள் பூட்டிய பேழைக்குள் உறங்கின. ஒருநாள் இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே சில தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் பற்பல உருவங்கள் எழுந்தன. அறிவுத் துறைகளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்துத் தேவைக்கேற்ப இணைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறை அவ்வாறு பிறந்ததே. கூறுகளைப் பிணைக்கும் முக்காற்புள்ளியே அம்முறைக்குப் பெயராயிற்று.

1925இல் தாயகம் திரும்பியவர் இருபது ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தையே தம் மூச்சாகக் கொண்டார். வாசகர் தாமே அடுக்குகளிடையே நடந்து நூலெடுக்க வழி செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக உழைத்தார். அடுத்த ஆண்டே நூலகப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அடுக்கி அழகு பார்ப்பதற்கன்றிப் பயன்படுத்துவதற்கே நூல்கள் உள்ளன என்பதும், தேடி வருபவரின் பொழுதை வீணாக்கலாகாது என்பதும் அவ்விதிகளின் உட்கிடக்கை. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்கள் கிராமங்களுக்குச் சென்றன. அம்முயற்சிக்கும் அவரது இயக்கமே தூண்டுகோல்.

என் போன்றோருக்கு இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. புதிய மாணவன் நூலகத்தைக் கண்டு மிரள்வது இயல்பு என்பதை உணர்ந்தவர் அவர். அட்டைப் பட்டியலைப் பார்ப்பது எப்படி, அகராதியையும் ஆண்டறிக்கையையும் பயன்படுத்துவது எப்படி என்று அவனுக்குப் பக்கத்தில் நின்று காட்டுவது நூலகரின் கடமை என வலியுறுத்தினார். வாசகருக்கு வழிகாட்டும் பணி குறித்துத் தனி நூலே எழுதினார்.

வரி ரசீதில் அவர் முகம்

1945இல் சென்னையை விட்டுக் காசி சென்றார். பின்னர் தில்லியில் பணியாற்றினார். அவர் நெடுநாள் போராடிய பொது நூலகச் சட்டம், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். அச்சட்டத்தின் வழி வந்ததே நூலக வரி. எர்ணாவூரில் எங்கள் வீட்டுச் சொத்து வரியோடும் அது சேர்ந்தே போகிறது. வாழ்நாளில் ஒரு நூலும் வாங்கியிராத என் தந்தையாரும் ஆண்டுதோறும் நூலகத்திற்குப் பணம் கட்டியே வந்திருக்கிறார்! இதை நான் சொன்னபோது, அப்படியானால் போய் நன்றாகப் படி என்று சிரித்தார்.

அரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, துணைவியார் சாரதா பெயரையும் இணைத்து நூலகவியல் பேராசிரியர் பதவி அமையச் செய்தார். 1957இல் பத்மஸ்ரீ விருதும், 1965இல் தேசியப் பேராசிரியர் பதவியும் அவரை நாடி வந்தன. 1972 செப்டம்பர் 27இல் பெங்களூரில் மறைந்தார்.

நான் கற்ற பாடம்

எந்தப் பொருளையும் ஐந்து கேள்விகளாகப் பிரிக்க அவர் முறை கற்பிக்கிறது. யாரைப் பற்றி, எப்பொருளைப் பற்றி, என்ன நிகழ்ச்சி, எவ்விடம், எக்காலம்? இரண்டாமாண்டில் எண்ணூர் பற்றி மீண்டும் எழுத முனைந்தபோது இதையே செய்து பார்த்தேன். மீனவர், இறாலும் மீனும், வரத்துக் குறைதல், எண்ணூர்க் கழிமுகம், 1970இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின். எண்ணூர் என்று மட்டும் தேடியபோது மலைபோல் குவிந்த செய்தி, இப்போது சில நூல்களாகவும் அறிக்கைகளாகவும் சுருங்கிக் கைக்கு அடங்கியது. மூன்று நாட்கள் எழும்பூர்க் கன்னிமாராவில் உட்கார்ந்தேன். ஓர் அறிக்கை சொன்னதை இன்னோர் அறிக்கை மறுத்த இடங்களையும் குறித்துக்கொண்டேன். எங்கிருந்து கிடைத்தது என்று பேராசிரியர் மீண்டும் கேட்டார். நூலின் பெயரையும் பக்கத்தையும் சொன்னேன்.

கைப்பேசி அறிவைக் கொண்டுவந்து கொட்டலாம். எது மெய், எது நமக்கு வேண்டியது என்று பிரித்தறியும் திறனைப் பயிற்சியே தரும். நல்ல மதிப்பெண்ணுக்கும் அதுவே அடிப்படை. வீட்டில் புத்தக அலமாரி உள்ளவன் அதைத் தானாகக் கற்றுவிடக்கூடும். எங்களைப் போன்றோர்க்கு யாரேனும் சொல்லித் தந்தாக வேண்டும். ஆகவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவரை முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் நூலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தேடும் வழியை அவர்களுக்குக் காட்டுங்கள். அரங்கநாதனுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.

— மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவன்