பிரித்துப் பார்த்த மனிதர் – ஜி.டி. நாயுடு



போன தடவை இந்தத் தாளில் விஞ்ஞானி யாரையாவது பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. அப்போ எங்க வீட்டு வண்டி கூடத்துல பிரிஞ்சு கிடந்தது. கையெல்லாம் கிரீஸ். பேனா பிடிச்சா பேப்பர் கறுப்பாகும். இப்போ எழுதுகிறேன், அந்த வண்டியையும் சேர்த்து.

கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் என்கிற கிராமத்தில் 1893ஆம் வருடம் மார்ச் 23ஆம் தேதி ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. சுருக்கமாக ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் என்றாலே அவருக்கு ஆகாது. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரிப் போட்டு ஓடினார் என்று அவர் கதை எழுதியவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். (ஆசிரியர்கள் மன்னிக்கவும். நான் எழுதுவது வரலாறு, யோசனை அல்ல!) சின்ன வகுப்போடு படிப்பு நின்றது.

அவர் வாலிபனாக இருந்தபோது வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். 1912ஆம் வருட ரட்ஜ் வண்டி. இங்கிலாந்தில் கவென்ட்ரி ஊரில் செய்தது, ஒரே சிலிண்டர், 499 சிசி, செயினுக்குப் பதில் பெல்ட். மாடும் குதிரையும் இழுக்காமல் தானாக ஓடுகிற ஒன்றை அந்தப் பையன் பார்த்தான். பார்த்ததோடு நம்மை மாதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தான். ஏறக்குறைய மூன்று வருஷம் இலை போட்டு, தண்ணி வெச்சு, காசு சேர்த்தான். 300 ரூபாய் என்று சிலரும் 400 ரூபாய் என்று சிலரும் எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் இரண்டுமே பெரிய பணம். அதைக் கொடுத்து அதே வண்டியை வாங்கினான்.

வாங்கி என்ன செய்தான்? ஊர் சுற்றவில்லை. அக்கு அக்காகக் கழட்டினான். திரும்பப் பூட்டினான். அப்படித்தான் மெக்கானிக் ஆனார் ஜி.டி. நாயுடு. கற்றுக்கொடுக்க யாரும் இல்லை, பார்த்துச் செய்யப் புத்தகமும் இல்லை. தப்பாப் பூட்டினா மூணு வருஷச் சம்பளம் பழைய இரும்பு.

இந்த இடம் எனக்கு இப்போதான் புரியுது. ஏன்னா எங்க வீட்லயும் அதே நிலைமை. அப்பா ராணிப்பேட்டையில தோல் ஷாப்ல வேலை. நைட் ஷிஃப்ட் முடியிற நேரத்துக்கு அரக்கோணம் பஸ் கிடையாது. பழைய ஹீரோ ஹோண்டா சிடி 100தான் எங்க சோறு. அது நீலப் புகை விட ஆரம்பிச்சுது. ஆயில் ஊத்த ஊத்தக் காலி. கிக்கர் மிதிச்சா வெண்ணெய்ல கால் வெச்ச மாதிரி இறங்குது. ஒரு மெக்கானிக் பார்த்துட்டு எடைக்குப் போட்டுடுங்கன்னுட்டார். அப்பா ஒண்ணும் பேசல. அன்னிக்கு ராத்திரி சாப்பிடவும் இல்ல.

மெட்ராஸ்ல லேத் வேலை செய்யிற சித்தப்பா ஞாயித்துக்கிழமை வந்தார். பிளக்கைக் கழட்டிக் காட்டினார், கறுப்பா எண்ணெய் ஒழுகுது. அந்த ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கைப் போட்டுக் கிக்கரை மிதிக்கச் சொன்னார். இப்போ கனமா இருந்தது. ஆயில் போய் இடுக்கை அடைச்சதால கம்ப்ரஷன் ஏறுது, அப்படின்னா தேய்ஞ்சது ரிங்கும் போரும்தான். ஆயில் விட்டும் ஏறலன்னா வால்வைச் சந்தேகப்படணும். ஒரு ஸ்பூன் ஆயில்ல இவ்வளவு தெரியுமான்னு ஆச்சரியப்பட்டேன்.

ஹெட்டையும் பிளாக்கையும் தூக்கினோம். சிலிண்டர் உள்ளே நகத்தால் மேலிருந்து தடவினால் ஓர் இடத்தில் படி மாதிரி தட்டுது. ரிங் தேய்ச்ச இடமும் தேய்க்காத இடமும் சேருகிற விளிம்பு அது. லேத்துக்குப் போய் 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போர் போட்டு, அதே சைஸ் பிஸ்டன் கிட் வாங்கி வந்தோம். வால்வுக்குக் கிரைண்டிங் பேஸ்ட் தடவித் தேய்க்கிற வேலை எனக்கு. தேய்ச்சிட்டு போர்ட்ல பெட்ரோல் ஊத்தி வெச்சோம். ஒரு சொட்டு ஒழுகல.

தப்பு நான் செய்தது அதுக்கு முன்னாடி. பழைய பிஸ்டனைக் கழட்டும்போது கீழே எஞ்சின் வாயில் துணி அடைக்க மறந்தேன். பின் லாக் டிங்குன்னு குதிச்சு உள்ளே போயிடுச்சு. எனக்கு ரத்தமே உறைஞ்சது. அப்படியே பூட்டினா எஞ்சின் முழுசும் போச்சு. சித்தப்பா திட்டல. காந்தத்தை நூல்ல கட்டி அரை மணி நேரம் துழாவி எடுத்தார். அந்த அரை மணி நேரமும் நான் ரட்ஜ் வண்டி முன்னாடி ஒண்டியா உட்கார்ந்திருந்த அந்த ஓட்டல் பையனைத்தான் நெனச்சுக்கிட்டேன். அவருக்குக் காந்தம் கட்டித் தர ஒரு சித்தப்பா இல்லையே.

நாயுடு வாழ்க்கையும் ஒரே ஏற்றம் இல்லை. திருப்பூரில் பருத்தி அரவையில் சம்பாதித்ததைப் பம்பாய் பஞ்சு வியாபாரத்தில் விட்டார். வெறுங்கையோடு திரும்பினார். அதற்குப் பிறகுதான் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தானே ஓட்டினார். யூ.எம்.எஸ். என்ற அந்தக் கம்பெனிக்கு 1933இல் 280 பஸ்கள்! 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். பேட்டரியில் ஓடும் சவர ரேசர் ஜெர்மனியில் அவர் பேருக்குத் தயாரானது. 1952இல் 2000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகிற கார் செய்தார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. அது கிடைத்திருந்தால் எங்க அப்பா மழையில் நனையாம ஷிஃப்டுக்குப் போயிருப்பாரோ என்னவோ.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடின மனுஷன் 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பேரில் பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் வரக் காரணமாக இருந்து, அந்தக் கல்லூரிக்கு முதல் முதல்வராகவும் உட்கார்ந்தார். அதுதான் இப்போதைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. இன்ஜினியர் ஆக நாலு வருஷம் வேண்டாம், இரண்டு போதும் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டார். இரண்டு வருஷம் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். ஒரு பின் லாக்குக்கே எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்க வண்டிக்கு வருவோம். பிஸ்டனில் ‘இன்’ என்று போட்ட பக்கம் கார்புரேட்டர் பார்த்து, ரிங் வாய்கள் மூணும் ஒரே நேரில் வராமல், மேக்னட்டில் ‘டி’ கோடும் மேலே செயின் வீலில் ‘ஓ’ குறியும் அதது இடத்தில் நிறுத்திப் பூட்டினோம். மூணு கிக்குக்கு ஒண்ணும் இல்ல. நாலாவதுக்குப் பிடிச்சுது. முதல்ல கொஞ்சம் புகை வந்து எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. பூட்டும்போது தடவின ஆயில் எரியுதுன்னார் சித்தப்பா. ரெண்டு நிமிஷத்தில் நின்னுது.

500 கிலோமீட்டர் வரைக்கும் 40க்கு மேல போகக் கூடாதுன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். தினம் காலையில அவர் வந்ததும் மீட்டரைப் பார்த்து எழுதி வெக்கிறேன். இன்னிக்கு 212.

– பதினோராம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு