பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் சரிதம்

மரஞ்செறிந்த இடத்தின் அருகே வாழ்தல் உடலுக்கு நலந்தரும் என்பதை நம்மில் மறுப்பார் இலர். ஆயினும் அதனைச் செல்வர்க்குரிய சுகமென்று விட்டுவிடாது, நகரத்து ஏழைக்கும் உரிய மருந்தென்று கருதி, அக்கருத்தை நிலத்தில் நாட்டிக் காட்டிய ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் என்பார் அமெரிக்காவில், கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்போர்டு நகரில் 1822-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ந் தேதி பிறந்தார். நான்கு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். இளமையில் வந்த கண்ணோய் கல்லூரிப் படிப்பைத் தடுத்தது. கப்பலேறிச் சீனம் சென்றார், உழவு செய்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார், ஒன்றிலும் நிலைத்தாரில்லை. 1850-ல் இங்கிலாந்து சென்று பர்க்கன்ஹெட் நகரப் பூங்காவைக் கண்டபோது, அது பிரபுக்களுக்கு மட்டுமன்றிப் பொதுமக்கள் யாவர்க்கும் உரியதென்பது அவர் மனத்திற் பதிந்தது.

1858-ல் கால்வர்ட் வாக்ஸ் என்னும் கட்டடச் சிற்பியுடன் கூடி அவர் வகுத்த திட்டமே நியூயார்க்கு நகரத்து மத்தியப் பூங்காவிற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. அதன் பரப்பு இன்று 843 ஏக்கர். பாறையும் சதுப்புமாய்க் கிடந்த அந்நிலத்தில் முன்பு குடியிருந்த எளியோர், சொந்த நிலமுடைய கறுப்பின மக்கள் உட்பட, அகற்றப்பட்டனர் என்பதையும் நாம் மறைத்தலாகாது. நகரப் போக்குவரவுக்காகப் பூங்காவைக் குறுக்கிட்டுச் செல்லும் நான்கு பாதைகளையும் தரைமட்டத்திற்குக் கீழே தாழ்த்தி வைத்தது அத்திட்டத்தின் நுட்பமாகும். பாரவண்டிகளின் ஓட்டமும் ஓசையும் உலாவுவோர் கண்ணையும் செவியையும் உறுத்தலாகாதன்றோ! நகரவாசியின் மனம் எந்நேரமும் விழிப்பாயிருந்து களைக்கிறது. புல்வெளியும் நிழலும் அவன் முயற்சியின்றியே அக்களைப்பை ஆற்றும் என்பது அவர் கொள்கை.

அவருடைய உடலோ ஓய்வறியாதது. 1860-ல் வண்டியினின்றும் தூக்கியெறியப்பட்டுத் தொடையெலும்பு முறிந்தது. சில நாட்களிற் கைக்குழந்தையும் இறந்தது. புண் ஆறுமுன்னரே, ஆட்கள் தம்மைச் சுமந்துசெல்லப் பூங்கா வேலையை மேற்பார்த்தார். ஒரு கால் என்றும் குட்டையாயிற்று. உள்நாட்டுப் போரின்போது படைவீரரின் சுகாதாரத்தைப் பேணும் சங்கத்தில் 1863 வரை இராப்பகலாய் உழைத்தார். 1865-ல் யோசமிட்டிப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதிய அறிக்கையில், இயற்கைக் காட்சியின்றி ஓயாது உழைப்போர்க்கு மூளைத்தளர்ச்சியும் மனச்சோர்வும் விளையுமென்றும், அக்காட்சியை எல்லார்க்கும் காத்தளித்தல் அரசின் கடமையென்றும் வாதித்தார். அவ்வறிக்கை ஒதுக்கப்பட்டுக் கிடந்து, 1952-ல்தான் அச்சேறிற்று.

அவர் ஊகித்ததைப் பிற்காலத்தார் அளந்தனர். பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைக் கண்டிருந்த நோயாளர், செங்கற்சுவரைக் கண்டிருந்தாரினும் விரைவில் வீடு திரும்பினர் என 1984-ல் ரோஜர் உல்ரிக் என்னும் அறிஞர் வெளியிட்டார். நெடுநாள் மன இறுக்கம் இரத்த அழுத்தத்திலும் சுரப்பிகளிலும் ஏற்றிவைக்கும் தேய்மானச் சுமைக்கு 1993-ல் மெக்கியூவன், ஸ்டெல்லர் என்போர் தனிப் பெயரிட்டனர். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து வறிய பகுதிகளில் நடந்த ஆராய்ச்சியொன்றில், பசுமை மிக்க இடத்தில் வாழ்வோரிடம் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் பகல் கழியக் கழியத் தாழும் ஒழுங்கு செவ்வையாயிருந்ததென 2012-ல் அறிந்தனர். பசுமையருகே வாழ்வோர் பல ஊர்களிற் பொருளுடையோருமாதலின், வறியோரிடத்தே செய்த இச்சோதனையை நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

1895-ல் நினைவு தளர்ந்து ஓம்ஸ்டெட் தொழிலை விட்டார். 1898-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்து மக்லீன் மனநோய் மருத்துவச்சாலையிற் சேர்க்கப்பட்டார். அதற்கு நிலந்தெரிந்து தோட்டம் வகுக்கும் ஆலோசனையை முன்னாளில் கூறியவர் அவரே. தம் திட்டப்படி அது அமைக்கப்படவில்லையென்று அங்கு அவர் குறைபட்டுக்கொண்டார் என்பர். 1903-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 28-ந் தேதி அவ்விடத்திலேயே உயிர் நீத்தார்.